அஞ்சும் கைக்கு மட்டும்

துணை வாங்கிய முதல் வாரம் சுபத்ராவுக்கு நன்றாகத் தூக்கம் வந்தது. அதுதான் சிக்கலாகிப் போனது.

திங்கட்கிழமை காலை அவள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது மணிக்கட்டில் இருந்த நாடிப்பட்டை சிலிர்த்தது. துணை நிலையத்திலிருந்து ஒரு பெண் அக்கறையாகப் பேசினாள்.

"மேடம், வாங்குன நாள்லயிருந்து உங்க பயம் ரொம்ப இறங்கியிருக்குதுங்க. வீட்ல எல்லாம் நல்லாத்தானே இருக்கீங்க?"

"நல்லா இருக்கேங்க. அதுக்குத்தானே வாங்குனேன்."

"இப்படியே விட்டீங்கன்னா நாளைக்கு ஒரு அவசரத்துக்குத் துணை திறக்காதுங்க. தெனமும் காலையில கொஞ்ச நேரம் அந்தக் காட்சியைப் பாருங்க. காப்பி குடிக்கறப்பக்கூடப் பாக்கலாம். அரசாங்கமே சொல்றதுதான்."

அந்தக் காட்சி என்றால் எது என்று கோயம்புத்தூரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆடித் தள்ளுபடி நாளில் ஒரு துணிக்கடையின் மூன்றாம் தளத்தில் ஒருவன் கூட்டத்தைப் பார்த்துச் சுட்ட காட்சி. மேலிருந்த கண்காணிப்புக் கருவியில் எல்லாம் பதிவாகியிருந்தது. அதில் பார்த்தவர்களை உலுக்கியது ரத்தமோ ஓலமோ அல்ல, அவனுடைய நிதானம். சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குகிறவனைப் போல நின்று நின்று, ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுத்துச் சுட்டான்.

அந்த நிதானத்திலிருந்துதான் அச்சமறி துப்பாக்கி பிறந்தது. கொல்ல வருகிறவன் அஞ்சுவதில்லை, கொல்லப்படப் போகிறவன்தான் அஞ்சுகிறான். அப்படியானால் அஞ்சும் கைக்கு மட்டும் திறக்கிற துப்பாக்கி நல்லவர்களுக்கு மட்டுமே பயன்படும் என்று அதை உருவாக்கியவர்கள் சொன்னார்கள். கோபம் வந்தால் கை சூடாகிறது, பயம் வந்தால் குளிர்கிறது. நாடித்துடிப்பு இரண்டிலும் ஏறினாலும் ஏறுகிற விதம் வேறு. நாடிப்பட்டை இவற்றையெல்லாம் அளந்து, உண்மையான அச்சம் என்று உறுதியானால்தான் துப்பாக்கியின் பூட்டை விடுவிக்கும். விடுபடும்போது "டிக்" என்று ஒரு சத்தம் வரும். கோபக்காரன் கையிலும் குடிகாரன் கையிலும் அது வெறும் இரும்பு. அதனால் உரிமம் இல்லாமலே யாரும் வாங்கலாம் என்று சட்டம் வந்தது. அச்சமறி துப்பாக்கி என்று முழுதாகச் சொல்ல யாருக்கும் பொறுமையில்லை. துணை என்றார்கள். "துணை வாங்கியாச்சா?" என்பது "சாப்பிட்டாச்சா?" போல ஆகிவிட்டது.

சுபத்ராவின் கணவன் தயாபரன் மட்டும் வாங்கவில்லை. அவன் அந்த மூன்றாம் தளத்தில் இருந்தவன்.

வேட்டி எடுக்கப் போனவன் அங்கே மாட்டிக்கொண்டான். அன்று சுபத்ரா அவனை அழைத்துக்கொண்டே இருந்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. அவன் செய்தித் திரையில் தெரிகிறானா என்று தேடினாள். தெரிந்துவிடக் கூடாதே என்றும் வேண்டிக்கொண்டாள். மாலையில் யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டு அவன் நடந்தே வீடு வந்து சேர்ந்தான். உடம்பில் ஒரு கீறல் இல்லை. சோறு கேட்டான். சாப்பிட்டான்.

நடந்ததைக் கண்ணால் பார்த்தவனுக்கு அது அன்றோடு முடிந்துபோனது. கற்பனை செய்தவளுக்கு முடியவில்லை. அவன் குளியலறையில் கொஞ்சம் கூடுதல் நேரம் இருந்தாலும் அவளுக்குள் அந்த அழைப்பு மணி அடிக்கத் தொடங்கிவிடும். அடுக்ககத்தில் ஒவ்வொரு வீடாகத் துணை வாங்கினார்கள். மின்தூக்கியில் ஏறினால் எல்லார் மணிக்கட்டிலும் பட்டை. பட்டையின் சிறு திரையில் சுற்றிலும் இருக்கிறவர்கள் புள்ளிகளாகத் தெரிவார்கள். அமைதியாக இருப்பவர் மஞ்சள், அஞ்சியிருப்பவர் சிவப்பு. பட்டை கட்டாதவர் எந்தப் புள்ளியாகவும் தெரியமாட்டார். அப்படிப்பட்டவரை வெற்றாள் என்றார்கள். முதலில் அது கேலிச்சொல்லாகத்தான் இருந்தது.

"ஏனுங்க, நாமளும் ஒண்ணு வாங்கிப்போடலாமுங்க" என்று அவள் பலமுறை கேட்டாள்.

ஒருநாள்தான் தயாபரன் பதில் சொன்னான்.

"சுபா, அன்னிக்குப் புகைக்குள்ள ஒருத்தன் கையில கறுப்பா ஒரு கம்பியோட என்னைப் பாத்து ஓடி வந்தான். என்கிட்ட துணை இருந்திருந்தா அவனைத்தான் சுட்டிருப்பேன். அது துணி அளக்கற கோல். அதோட ஓடி வந்த கடைப் பையன்தான் என்னை இழுத்து மேசைக்கடியில போட்டான். அவன் பாத்த அளவுக்கு நான் அன்னிக்கு எதையும் பாக்கலை. பயந்தவன் கண்ணு எதையும் ஒழுங்காப் பாக்காது."

"அதுக்காக வெறுங்கையோட சாகச் சொல்றீங்களா?"

"நான் சாகலையே."

அந்தப் பதில் அவளைத் தேற்றவில்லை. மறுநாள் தனியாகப் போய் வாங்கி வந்தாள். சாம்பல் நிறத்தில், உள்ளங்கைக்கு அடக்கமாக, பார்ப்பதற்குச் சீப்புப் பெட்டி மாதிரி இருந்தது. தயாபரன் அதைப் பார்த்தான். செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டான்.

இப்போது நிலையத்துப் பெண் சொன்னபடி அவள் தினமும் காலையில் அந்தக் காட்சியைப் பார்த்தாள். இரண்டாவது வாரத்தில் தூக்கம் போனது. சோதனைக்காகத் துணையைக் கையில் எடுத்தாள். "டிக்" என்றது. அவளுக்கு நிம்மதியாக இருந்தது. நிம்மதி வந்ததும் அது மூடிக்கொண்டது. மறுபடியும் காட்சியைப் போட்டாள்.

*

கார்த்திகையில் பொள்ளாச்சியில் ஒரு கல்யாணம். பெண், சுபத்ராவுடன் வேலை பார்த்தவள். மண்டபத்தில் காலைப் பந்தியில் தயாபரனுக்குப் பக்கத்து இலையில் பெண்ணின் பெரியப்பா உட்கார்ந்தார். நந்தகோபால், கால்நடை மருத்துவர். கனத்த உடம்பு, மெல்லிய குரல். கேசரியைத் தொடாமல் ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டு, போன வாரம் ஒரு பசுமாடு வீட்டுக்காரரின் காது கேட்கும் கருவியை விழுங்கிவிட்ட கதையைச் சொன்னார்.

"மூணு நாள் கழிச்சு வந்துதுங்க. கழுவிப் போட்டுப் பாத்தா வேலை செய்யுது. ஆனா மனுசன் காதுல வெக்க மாட்டேங்கறாரு."

தயாபரன் வாய்விட்டுச் சிரித்தான். துணிக்கடைக்குப் பிறகு அவன் அப்படிச் சிரித்து சுபத்ரா பார்த்ததில்லை.

நந்தகோபாலின் பார்வை தயாபரனின் வெறும் மணிக்கட்டில் விழுந்தது. "நீங்க கட்டறதில்லீங்களா?"

"இல்லீங்க."

"நானும் வேண்டாம்னுதான் இருந்தேன். அந்தத் துணிக்கடையில நடந்தப்பக்கூடத் தோணலை. அவன் ஒருத்தன், செத்தும் போயிட்டான். அப்புறம் எங்க தெருவுல எல்லாரும் வாங்குனாங்க பாருங்க, அப்பத்தான் பயம் வந்துது. எதுத்த வீட்டுக்காரனுக்கும் எனக்கும் வேலித் தகராறு இருக்குது. அவன்கிட்ட இருக்கறப்ப என்கிட்ட இல்லாம எப்படிங்க?" வேட்டி மடிப்பைத் தொட்டுக் காட்டினார். "எடுக்கவே மாட்டேன். இருக்கட்டும்னு வெச்சிருக்கேன்."

முகூர்த்தம் நெருங்கியது. மேடைக்கு முன்னால் கூட்டம் எழுந்து நின்றது. படம் பிடிக்கும் பறவி ஒன்று தலைகளுக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்தது. நான்கு கறுப்புக் கைகளும் நடுவில் ஒரு கண்ணும் உள்ள சின்னக் கருவி. தாலி கட்டுவதை நெருக்கத்தில் எடுக்கத் திரும்பியபோது அது மேற்கூரையில் தொங்கிய கண்ணாடி விளக்குக் கொத்தில் மோதியது. குமிழ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன. பட், பட், பட பட என்று துப்பாக்கி சுடுவது போலவே சத்தம் கேட்டது. கண்ணாடித் தூள் மணவறை மேல் கொட்டியது. நாகஸ்வரம் பாதியில் நின்றது.

யாரோ ஒருவருடைய துணை முதலில் திறந்தது. அருகில் ஒரு துணை திறந்தால் சுற்றியுள்ள பட்டைகள் எல்லாம் சிலிர்த்து எச்சரிக்கும். சிலிர்த்த கைகள் குளிர்ந்தன. குளிர்ந்த கைகளில் துணைகள் திறந்தன. அவற்றால் மேலும் பட்டைகள் சிலிர்த்தன. டிக், டிக், டிக் என்று அந்தச் சத்தம் மேடையில் தொடங்கி வாசல்வரை, பெரிய மழைக்கு முன்னால் தகரக் கூரையில் விழும் சொட்டுகள் மாதிரிப் பரவியது. பிறகு மண்டபம் முழுக்க அசைவில்லை. பட்டுப் புடவைகளுக்கும் வேட்டிகளுக்கும் நடுவிலிருந்து சாம்பல் நிற முனைகள் நீட்டிக்கொண்டிருந்தன. யாரை நோக்கி என்று யாருக்கும் தெரியவில்லை. பயம் தணிந்தால்தான் அவை மூடும். நானூறு முனைகள் நீட்டியிருக்கும்போது யாருக்குப் பயம் தணியும்?

சுபத்ரா ஒரு தூணை ஒட்டி நின்றாள். அவளுடையதும் கையில் இருந்தது. எப்போது எடுத்தாள் என்று அவளுக்கு நினைவில்லை. தயாபரன் பக்கத்தில் இல்லை.

அவன் மணவறைக்குப் பக்கத்தில் இருந்தான். அந்த மண்டபத்தில் அவன் ஒருவனுக்குத்தான் நிஜமான துப்பாக்கிச் சத்தம் எப்படி இருக்கும் என்று தெரியும். இது அது இல்லை என்று புரிந்த உடனேயே, எல்லாருக்கும் காட்டிவிட வேண்டும் என்று ஓடியிருக்கிறான். குனிந்து, உடைந்துபோன பறவியை எடுத்து உயரத் தூக்கினான்.

"ஒண்ணுமில்லீங்க. இதுதான் விழுந்துது. எல்லாரும் உக்காருங்க."

அவன் குரல் நிதானமாக இருந்தது. அதுதான் வினையாகிப் போனது. கூட்டத்தின் கண்கள் அவன் மேல் திரும்பின, பிறகு பட்டைத் திரைகளுக்குப் போயின. திரையெல்லாம் சிவப்பு. அவன் நின்ற இடத்தில் மட்டும் எதுவும் இல்லை.

"வெற்றாள்" என்று ஒரு பெண் குரல் கேட்டது. "கையில எதையோ வெச்சிருக்கான்."

கொல்ல வருகிறவன் அஞ்சமாட்டான் என்று தினமும் காலையில் காப்பியோடு பார்த்துப் பழகியவர்கள் அவர்கள். இத்தனை பேர் நடுங்கும் இடத்தில் ஒருவன் அமைதியாக நிற்கிறான், கையில் கறுப்பாக ஏதோ இருக்கிறது. முனைகள் ஒவ்வொன்றாக அவன் பக்கம் திரும்பின.

"பயப்படுங்க" என்று சுபத்ரா கத்தினாள். "ஏனுங்க, தயவுசெஞ்சு பயப்படுங்க. கீழ படுங்க."

அவன் அவளைப் பார்த்துத் திரும்பினான். அவள் சொன்னது அவனுக்குப் புரியவில்லை. அப்போது அவனுக்கு மிக அருகில் ஒரு கை மேலே எழுந்தது. தடித்த கை, மணிக்கட்டுவரை வெள்ளைச் சட்டை. அதிலிருந்த துணையின் முனை தயாபரனின் நெஞ்சுக்கு நேராக நின்றது.

சுபத்ரா சுட்டாள்.

நந்தகோபால் உட்காரப் போகிறவரைப் போல மெதுவாகச் சரிந்தார். கூட்டம் மொத்தமும் தரையில் விழுந்தது. எங்கிருந்தோ இன்னொரு குண்டு வந்து சுவர்க் கண்ணாடியை உடைத்தது. அதற்குப் பிறகு யாரும் சுடவில்லை. தயாபரன் பறவியைக் கீழே போட்டுவிட்டு அவர் காயத்தின் மேல் இரண்டு கைகளையும் வைத்து அழுத்திக்கொண்டிருந்தான். மருத்துவ வண்டி வந்தபோதும் அவன் கையை எடுக்கவில்லை. எடுத்தபோது பயனில்லாமல் போயிருந்தது.

*

விசாரணை சீக்கிரமே முடிந்துவிட்டது. காவல் ஆய்வாளர் ஒரு வயதான மனிதர், சலிப்பாகப் பேசினார்.

"உங்க பட்டையைப் பாத்தாச்சுங்கம்மா. சுட்ட நேரத்துல உங்களுக்கு இருந்தது சுத்தமான பயம். கோபம் துளிகூட இல்லை. அச்சச் சான்று குடுத்துட்டாங்க. உங்க மேல வழக்கு இல்லை."

"அவரு?" என்று தயாபரன் கேட்டான்.

"அவரு பட்டையையும் பாத்தோம். அவரோட பயமும் உண்மைதான்."

"அப்ப யார் மேல தப்புங்க?"

ஆய்வாளர் கோப்பை மூடினார். "யார் மேலயும் இல்லீங்க. அதான் இந்தச் சட்டத்தோட வசதி." பிறகு சுபத்ராவின் துணையை ஒரு துணிப்பையில் போட்டு அவளிடமே நீட்டினார்.

வாங்கக் கூடாது என்று நினைத்தபடிதான் அவள் வந்திருந்தாள். ஆனால் நந்தகோபாலின் ஆட்கள் பொள்ளாச்சியில் இருக்கிறார்கள். அவருக்குத் தம்பிகள், மருமகன்கள் எல்லாம் உண்டு. கைநீட்டி வாங்கிக்கொண்டாள். அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு பொள்ளாச்சித் துணை நிலையத்தில் சரக்கு தீர்ந்துபோய் உடுமலையிலிருந்து வரவழைத்தார்களாம். ஆய்வாளர்தான் சொன்னார், வேறு எதையோ சொல்லிக்கொண்டே.

சுபத்ரா வேலைக்குப் போவதை நிறுத்தினாள். அவள் இயன்முறை மருத்துவர். நோயாளிகளின் கையையும் காலையும் பிடித்து அசைக்கிற வேலை. அவள் தொட்டதும் ஒரு முதியவரின் பட்டை சிவந்துவிட்டது. அவள் யார் என்று அவர் செய்தியில் படித்திருக்கிறார்.

தை பிறந்து சில நாட்கள் கழித்து, மத்தியான வேளையில் ஒரு பெண் வந்தாள். தயாபரன்தான் கதவைத் திறந்தான். ஐம்பது வயதிருக்கும், நெற்றியில் பொட்டு இல்லை, தோளில் மஞ்சள் துணிப்பை.

"நான் ரேணுகா. டாக்டர் வீட்டுக்காரி" என்றாள்.

உள்ளே சோபாவில் இருந்த சுபத்ராவின் மடியில் "டிக்" என்றது. அதைக் கேட்டதும் ரேணுகாவின் பைக்குள்ளும் "டிக்" என்றது.

இரண்டு பெண்களும் அசையவில்லை. தயாபரன் நடுவில் நின்றான். அப்புறம், வேறு என்ன செய்வதென்று தெரியாமல், "உள்ள வாங்க, உக்காருங்க" என்றான்.

ரேணுகா எதிரில் இருந்த நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். ஒரு கை பைக்குள்ளேயே இருந்தது.

"உன்னைச் சுடணும்னுதான் இருந்தேன், கண்ணு" என்றாள். குரலில் ஆத்திரமே இல்லை. "பொய் சொல்லி என்ன ஆகப்போவுது. காரியம் முடிஞ்ச மறுநாளே போய் இதை வாங்குனேன். தெனமும் கையில எடுத்துப் பாப்பேன். திறக்காது. உன்னை நெனைச்சா எனக்கு உடம்பெல்லாம் எரியும், அதுக்கு அது திறக்குமா? கோபத்துக்குத் திறக்காதுன்னு கடைக்காரப் பொண்ணு சொல்லித்தான் குடுத்துது. சரி, இது ஆகாதுன்னு விட்டுட்டேன்."

சுபத்ராவின் பார்வை பைக்குள் இருந்த அவள் கைக்குப் போனது. "அப்புறம் எப்படிங்க்கா..."

"இன்னிக்குச் சும்மா பாத்துட்டுப் போலாம்னு பஸ் ஏறி வந்தேன். உங்க வாசல்ல நின்னப்பத்தான் தோணுச்சு. உன்கிட்டயும் இருக்குமே, என்னைப் பாத்ததும் நீ சுட்டுருவியேன்னு. கையெல்லாம் சில்லுனு ஆயிருச்சு. இப்ப பாரு, திறந்துக்கிச்சு." தன் பையையே வினோதமாகப் பார்த்தாள். "உன் மேல எத்தனை கோபம் இருந்தும் சுட முடியலை. உன்னைப் பாத்துப் பயந்துட்டேன், இப்ப சுடலாம். சட்டமும் ஒண்ணும் சொல்லாது."

தயாபரன் ஒரு அடி நகர்ந்து இருவருக்கும் இடையில் வந்தான். இருவருமே ஒரே நேரத்தில் "நகருங்க" என்றார்கள். அவன் குறுக்கே நின்று மறைத்தது அவர்களை இன்னும் பயமுறுத்தியது.

"சுடறதுன்னா சுடுங்க்கா" என்றாள் சுபத்ரா. கண்ணீர் வழிந்தது, ஆனால் மடியிலிருந்து கையை எடுக்க முடியவில்லை. விரல்கள் அவள் சொல்பேச்சுக் கேட்கவில்லை.

"முடியலையே. கோபம் இருந்தப்பத் திறக்கலை. திறந்தப்பக் கோபம் போயிருச்சு. வெறும் பயம்தான் இருக்குது." ரேணுகா முன்னால் சாய்ந்தாள். "ஒண்ணு மட்டும் கேக்கறேன். நீதான் அந்த நேரத்துல அவர் முகத்தைப் பாத்தவ. அவரு நெசமாவே சுட்டிருப்பாரா? வீட்ல ஒரு பல்லியைக்கூட அடிக்க விடமாட்டாரு. நீ சொல்லு."

சுபத்ராவுக்கு ஒரு பொய் சொல்லிவிடலாம் போலிருந்தது. எந்தப் பொய் அந்தப் பெண்ணுக்கு ஆறுதலாக இருக்கும் என்று தெரியவில்லை.

"நான் முகத்தைப் பாக்கலைங்க்கா" என்றாள். "கையைத்தான் பாத்தேன்."

ரேணுகா எழுந்தாள். முதுகைக் காட்டாமல், ஒவ்வொரு அடியாகப் பின்னால் வைத்துக் கதவுவரை போனாள். சுபத்ராவும் அவளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தயாபரன் கூடவே போய்க் கதவைத் திறந்துவிட்டான்.

"உங்க கையிலதான் அவரு போனாருன்னு சொன்னாங்க" என்று அவனிடம் சொன்னாள். "நல்லா இருங்க." வாசலைத் தாண்டிய பிறகு உள்ளே எட்டிப் பார்த்தாள். "கண்ணு, மறுபடியும் நான் வந்தா கதவைத் திறக்காத. கோபமா இருந்தாத்தான் நான் நல்லவ. இனிமே எனக்கு எப்ப கோபம் வரும், எப்ப பயம் வரும்னு தெரியலை."

*

அன்று திறந்த சுபத்ராவின் துணை, அதற்குப் பிறகு மூடவே இல்லை.

ஏதோ பழுது என்று நினைத்து அவள் நிலையத்துக்கு அழைத்தாள். பழைய பெண்ணேதான் எடுத்தாள். தொலைவிலிருந்தே சோதித்துவிட்டுச் சந்தோஷமாகச் சொன்னாள்: "கருவியில எந்தக் குறையும் இல்லீங்க, மேடம். இப்பத்தான் ரொம்பச் சரியா வேலை செய்யுது. இனிமே நீங்க அந்தக் காட்சியைப் பாக்கவே வேண்டியதில்லை."

சுபத்ரா பகலில் கதவுக்கு எதிரே உட்காரப் பழகினாள். மின்தூக்கி எந்தத் தளத்தில் நின்றாலும் அவளுக்குக் கேட்டது. பால்காரர் படியிலேயே வைத்துவிட்டுப் போகத் தொடங்கினார். தயாபரன் அவளிடம் கெஞ்சிப் பார்த்தான், மருத்துவரிடம் போகலாம் என்றான், அதைக் கொண்டுபோய் வாய்க்காலில் போட்டுவிடலாம் என்றான். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். "போட்டுரலாமுங்க. நானும் அதைத்தான் நெனைக்கறேன். ரேணுகா அக்கா போட்டதும் போட்டுரலாம்" என்றாள். இரவில் அவன் புரண்டு படுத்தால் விழித்துக்கொண்டாள். அவன் புரளாமல் படுக்கக் கற்றுக்கொண்டான்.

மாசி மாதத்தில் ஒரு சாயங்காலம் அவன் வேலையிலிருந்து திரும்பினான். ஒரு கையில் காய்கறிப் பை. அடுக்ககத்தின் நடைவழியில் சமையல் வாசனை வந்துகொண்டிருந்தது, எங்கோ தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. வழக்கமாகக் கீழே இருந்தே அழைத்துச் சொல்லிவிட்டு வருவான். அன்று அவன் கைபேசியில் மின்னூட்டம் தீர்ந்திருந்தது. அழைப்பு மணியை அழுத்தினான்.

உள்ளே எதுவும் நகரவில்லை.

"நான்தான், சுபா."

"யாரு?"

"நான்தான்."

கதவுக்குப் பின்னால் மூச்சுச் சத்தம் கேட்டது. கதவுக்கு வெகு அருகில், அவன் நெஞ்சு உயரத்தில்.

"கையைக் காட்டுங்க" என்றாள் சுபத்ரா. அவளுடைய குரல்தான், ஆனால் அவனுக்குத் தெரிந்த குரல் இல்லை. "ஏனுங்க, கையில என்ன?"

"கீரை. முருங்கைக்காய்."

"கீழ வெச்சுட்டுக் கையைக் காட்டுங்க."

பையைத் தரையில் வைத்தான். தன் வீட்டுக் கதவின் மாயக்கண் துளைக்கு முன்னால் இரண்டு கைகளையும் மெல்ல உயர்த்தினான். முருங்கைக்காய் ஒன்று பையிலிருந்து சரிந்து தரையில் உருண்டது. அந்தச் சத்தத்துக்கே அவன் உடம்பு விதிர்த்தது. துணிக்கடையின் மேசைக்கடியில் கிடந்தபோதுகூட இப்படி நாக்கு ஒட்டிக்கொண்டதில்லை.

எதிர்வீட்டுக் கதவின் மாயக்கண்ணில் ஒரு நிழல் வந்து நின்றது. நடைவழியில் ஒரு மனிதன் கைகளை உயர்த்திக்கொண்டு நிற்கிறான், பட்டை இல்லை, திரையில் பார்த்தால் அங்கே யாருமே இல்லை. அந்தக் கதவுக்குப் பின்னால் "டிக்" என்றது. பக்கத்து வீட்டில் ஒரு "டிக்". மாடிப்படியில் இறங்கிவந்துகொண்டிருந்த யாரோ நின்றார்கள், அங்கேயும் கேட்டது.

தயாபரனின் முதுகில் வியர்வை குளிர்ந்து இறங்கியது. அந்தத் தளத்திலேயே அதிகமாகப் பயந்துபோயிருப்பவன் அவன்தான். ஆனால் அதை யாருக்கும் காட்டிக்கொள்ள அவனிடம் எந்தக் கருவியும் இல்லை.

கைகளை இறக்காமலேயே அவன் முடிவு செய்தான். நாளைக்குக் காலையில் நிலையம் திறந்ததும் முதல் ஆளாகப் போய் ஒன்று வாங்கிவிட வேண்டும்.